மேளத்துக்கு முன்னால நிக்கத் தெரியுமாலே?

ஏலே பேராண்டி, பெங்களூருல ஃபங்க்கு, சோலுன்னு என்னமோ ஒரு பேண்டு வந்துச்சுன்னு ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூவாய்க்கு டிக்கெட் எடுத்து, இருட்டுக்குள்ள நின்னு, கைய உசத்தி, கடைசி வரைக்கும் போன்ல படம் புடிச்சுட்டு வந்திருக்கே. ரொம்ப சந்தோசம். ‘லைவ்வாப் பாக்கணும் தாத்தா, ரெக்கார்டுல கேட்டா அந்த இது வராது’ன்னு எனக்கே பாடம் எடுக்கே. நானும் தலைய ஆட்டிக்கிட்டேன். பல்லு போனவன் தலைய ஆட்டுனா ஒத்துக்கிட்டான்னு நீங்களா எடுத்துக்கிடுதீங்க, நான் என்ன செய்ய?

குத்தாலத்துல சித்திர சபைக்குப் போயிருக்கியா? அருவியில குளிச்சுட்டு பஜ்ஜி தின்னுட்டு வந்திருப்பே. சிவபெருமான் ஆடுறதுக்குன்னு அஞ்சு சபை உண்டுலே. தில்லையில பொன்னு, மதுரையில வெள்ளி, திருவாலங்காட்டுல ரத்தினம், திருநெல்வேலியில தாமிரம். குத்தாலத்துல மட்டும் சித்திரம். அங்கன நடராசர் சிலையா இல்ல, சுவத்துல எழுதுன படமா நிக்காரு. ஆட்டத்தைப் படமாப் பாக்கணும்னு ஆசைப்படுறவனுக்கு நம்ம ஊருல எப்பவோ இடம் ஒதுக்கியாச்சு. அதுக்குப் போன் சார்ஜ் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். ஆடுறதை ஆடுற இடத்துலயே பாக்கணும்னா ஆடி மாசம் அம்மன் கோயில் கொடைக்கு வா. வரும்போது அந்தக் கறுப்புக் கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வா. ஏன்னு பொறவு சொல்லுதேன்.

உன் ஆளுகளை நான் குறை சொல்லல. நீ காட்டுன வீடியோவ நானும் பாத்தேன்லா. ஜேம்ஸ் பிரவுனு சாதாரணப்பட்ட ஆளு இல்ல. 1965 வாக்குல இருந்து பாட்டையே கொட்டா மாத்திப்புட்டாரு. கித்தாரு, ஊதுற குழலு, தொண்டை எல்லாத்தையும் அடிக்கிற சாமானா வச்சுக்கிட்டு, முதல் அடியில எல்லாவனும் ஒண்ணா விழணும்னு கட்டளை. ஒருத்தன் தப்பா வாசிச்சா மேடையில ஆடிக்கிட்டே விரலைக் காட்டி அபராதம் போடுவாராம். நம்ம பக்கம் தாளக்காரப் பையன் பிசகுனா தவில் ஆசான் ஒரு பார்வை பாப்பாரு. பையனுக்கு அபராதமே தேவலைன்னு ஆயிரும்.

அந்த சோலுங்கிற சமாச்சாரம் எங்க இருந்து வந்துச்சு? கறுப்பு சனங்க சர்ச்சுல உருகிப் பாடுன பாட்டுல இருந்து. 1954-ல ரே சார்லசு சாமி பாட்டு மெட்டை எடுத்து ஒரு பொம்பளையப் பத்திப் பாடிட்டாருன்னு அங்க உள்ள பக்திமானுங்களுக்கு ஒரே கோவம். எனக்கு அதைக் கேட்டு சிரிப்பு வந்துட்டு. நம்ம ஊருல மத்தியானம் அம்மனுக்கு வாசிச்ச அதே நாயனம் ராத்திரி பத்து மணிக்கு கரகாட்டக்காரியை வம்புக்கு இழுக்கும். சாமத்துல திரும்பவும் அம்மனுக்கு வாசிக்கும். அம்மன் ஒருநாளும் கோவிச்சுக்கிட்டது இல்ல. கோவிக்கிறதெல்லாம் கொடைக் கமிட்டியில உள்ளவன்தான், அவனும் தன் சம்பந்தி பக்கத்துல இருந்தாத்தான் கோவிப்பான்.

மேளம்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சுராத. கோயில் பூசைக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிறது பெரிய மேளம். ராகத்தை விரிச்சு நிதானமாப் போகும். அதுல நம்ம தாமிரபரணிக்கரைக்கு ராசா காருகுறிச்சி அருணாசலம். திருவாவடுதுறை ராசரத்தினம் பிள்ளைகிட்ட படிச்சவரு. 1962-ல ‘கொஞ்சும் சலங்கை’ படத்துல ஜானகி அம்மா குரலோட அவரு நாயனம் மல்லுக்கு நின்னதை இன்னும் டீக்கடையில போடுதான். அந்த மனுசருக்கு ஒரு கும்புடு போட்டுட்டு இந்தப் பக்கம் வா. நான் சொல்லுறது நையாண்டி மேளம். ரெண்டு நாயனம், ரெண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஒரு தாளம். சில செட்டுல உறுமியும் சேரும். இந்த ஏழெட்டுப் பேரு ஒரு ஊரையே விடிய விடிய முழிக்க வைப்பாங்க. உன் பேண்டுக்காரன் ஒரு லாரி நிறைய சாமான் இறக்குனான்னியே, இவங்க டவுன் பஸ்ஸுல வந்து இறங்குவாங்க. தவிலுக்கு லக்கேஜ் போடுறதா வேண்டாமான்னு கண்டக்டர் ஒரு சண்டை இழுப்பான், அதுதான் அன்னைக்கு முதல் கச்சேரி.

தவிலைக் கிட்டப் போயி பாரு. கட்டை பலா மரம். வலந்தலையில விரலுக்குக் கூடு மாட்டி அடிப்பாரு. கூடுன்னா துணியில பசை தடவி விரலு மேல சுத்திச் சுத்திக் காய வச்சது, ஒரு கூடு சரியா அமைய நாளாகும். இடந்தலையில கம்பு. நீ பேஸ் கித்தாரு, பேஸ் கித்தாருன்னு உருகுதியே, அந்த இடந்தலையில கம்பு ‘தொம்’முன்னு விழும்போது பக்கத்துல நில்லு. காதுக்கு முன்னால வயிறு கேக்கும். அப்புறம் வந்து கித்தாரைப் பத்திப் பேசுவோம்.

ஆடியில வரச் சொல்லுதேனே, அப்ப சாரல் இருக்குமேன்னு நீ கேக்கணும். கேக்க மாட்டே, ஏன்னா உனக்குச் சாரல்னா குளிக்கிறது மட்டும்தான். கணவாய் வழியா மேக்கக் காத்து வந்து தென்காசி கோபுர வாசல்ல நிக்கிறவன் வேட்டிய உருவுற மாசம் அது. கொட்டடிக்கிறவனுக்கு அதுல ஒரு சங்கடம் இருக்கு. தோலு ஈரத்துல தொவண்டு போவும். முன்னெல்லாம் வாரு பிடிச்சு இறுக்குவாங்க, இன்னைக்கு இரும்பு வளையம் போட்டு நட்டு, போல்ட்டு வச்சுட்டாங்க. தவில்காரரு பையில ஸ்பானர் இருந்தா மெக்கானிக்கோன்னு நினைச்சுராத. நாயனக்காரருக்குச் சீவாளி. தட்டையில செஞ்சது, எச்சில்ல பதமா ஊறணும், மழையில ஊறிச்சுன்னா சத்தம் செத்துரும். நாயனத்துல ஒரு கொத்துத் தொங்கும் பாரு, அதெல்லாம் மாத்துச் சீவாளி. ஒவ்வொண்ணா வாயில வச்சு ‘பீ, பீ’ன்னு பாத்துக்கிட்டு இருப்பாரு. ‘எப்ப ஆரம்பிப்பாங்க’ன்னு போன்ல மணி பாக்காத. அதுவும் நிகழ்ச்சிதான். உன் பெங்களூருக்காரன் ‘செக், செக்’ன்னு அரைமணி நேரம் சொன்னதுக்கு நீ கை தட்டியிருக்கேலா?

இப்ப நிக்கிற விசயத்துக்கு வாரேன். இதுதான் முக்கியம், வெத்தலைய மடிச்சுக்கிட்டுச் சொல்லுதேன்னு லேசா எடுத்துக்கிடாத.

நீ போயிட்டு வந்த கச்சேரியில மேடையில வெளிச்சம், உன் தலையில இருட்டு. அவனுக்கு நீ யாருன்னே தெரியாது. நீ அழுதாலும் சிரிச்சாலும் கொட்டாவி விட்டாலும் அவனுக்கு ஒண்ணுதான். இங்கன மேடை கிடையாது. தரையில வட்டம். டியூப் லைட்டு உனக்கும் அடிக்கும், அவருக்கும் அடிக்கும். நீ மேளத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருப்பே. அந்த நாயனக்காரரு அதுக்கு முன்னாடியே உன்னையப் பாத்து, யாரு வீட்டுப் பேரன், எந்த ஊருல வேலை, சட்டைப் பையில என்ன கனம், எல்லாத்தையும் அளந்து முடிச்சிருப்பாரு. கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வான்னு சொன்னது அதுக்குத்தான். ராத்திரி பதினோரு மணிக்குக் கறுப்புக் கண்ணாடியோட எவன் வந்தாலும் அவரு விடமாட்டாரு. அணசைத் திருப்பி உன் காதுக்கு ஒரு சாண் தள்ளி வச்சு ஒரு இழுப்பு இழுப்பாரு பாரு, பம்பைக்காரரு ரெண்டு குதி குதிச்சு உன்னையச் சுத்தி வருவாரு, ஊரு சிரிக்கும். அப்ப பின்னால ஒதுங்கிறப்படாது. அசடு வழியச் சிரிச்சுக்கிட்டு நின்னீன்னா நீ நம்ம ஆளு. ஒதுங்குனீன்னா விடியுற வரைக்கும் நீதான் அன்னைக்குப் பலகாரம்.

இவங்க வம்பிழுக்கிறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஒருவாட்டி கமிட்டிக்காரரு ஒருத்தரு, பேரு வேண்டாம், மேளம் பேசப் போன இடத்துல அச்சாரம் கொடுக்கும்போதே ஆயிரத்தெட்டு பேரம் பேசி, கடைசியில சாப்பாட்டு எண்ணிக்கையில கூட ரெண்டு ஆளைக் குறைச்சுட்டு வந்தாரு. கொடை அன்னைக்கு அவரு சந்தனத்தைப் பூசிக்கிட்டு, பட்டு வேட்டி சரசரக்க பந்தலுக்குள்ள நுழையுதாரு. நாயனக்காரரு அதுவரைக்கும் வாசிச்சுக்கிட்டு இருந்ததை நிறுத்திட்டு, கஞ்சனைப் பத்துன பழைய சினிமாப் பாட்டு ஒண்ணை எடுத்தாரு. வெறும் மெட்டுதான். வார்த்தை கிடையாது. ஆனா வார்த்தை ஊருக்கே தெரியும்லா! சின்னப் பயலுவ எல்லாம் வாய்க்குள்ள பாடுதானுவ. கமிட்டிக்காரரு யாரு மேல கேசு போட? ‘நான் என்னய்யா சொன்னேன், ஊதத்தானே செஞ்சேன்’ன்னு போயிருவாரு. வாயால பேசுறவனைப் புடிச்சு உள்ள வைக்கலாம், நாயனத்தால பேசுறவனை என்ன செய்ய? அடுத்த வருசம் அந்தக் கமிட்டிக்காரரு ரெண்டு ஆளுக்குக் கூடுதலாவே சோறு போட்டாரு.

கரகாட்டத்துக்கும் ஒரு வார்த்தை. அம்மனுக்கு எடுக்கிறது சக்திக் கரகம், அதை வேடிக்கை பாக்கப்படாது, கும்புடணும். ஆடுறது ஆட்டக் கரகம், மேல ஒரு கிளி உக்காந்திருக்கும். அந்தப் பிள்ளை தலையில செம்பை வச்சுக்கிட்டுக் குனிஞ்சு, மல்லாந்து, ஏணி மேல ஏறி இறங்குது. தலையில உள்ளது அசையல. உன் கண்ணு மட்டும் ஏன்லே கிடந்து அசையுது? நேரா வச்சுக்கோ. அவ உன்னையும் பாப்பா. ரெட்டை அர்த்தத்துல ஒண்ணு சொல்லிட்டேன்னு பெருமையா நின்னீன்னா, அவ நாலு அர்த்தத்துல திருப்பிக் கொடுப்பா, தவில்காரரு அதுக்கு ஒரு முத்தாய்ப்பு வைப்பாரு. உனக்குப் பொண்ணு கொடுக்கலாம்னு இருக்கிறவங்களும் அந்தக் கூட்டத்துலதான் உக்காந்திருப்பாங்க. ஆபாசமா ஆடுதாங்கன்னு கேசு மதுரை ஹைகோர்ட்டுக்குப் போயி, ஆடல் பாடலுக்கு இன்னின்ன நிபந்தனைன்னு தாள்ல எழுதி வாங்கிட்டு வாரான். ஆடுறவளுக்கு நிபந்தனை எழுதுன மாதிரி பாக்குறவனுக்கும் ரெண்டு வரி எழுதியிருக்கலாம்னு எனக்குத் தோணும்.

இந்தக் கேலி நேத்து வந்தது இல்ல. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரு குத்தாலக் குறவஞ்சி எழுதுனாருலா, அதுல சிங்கனும் சிங்கியும் நகையைக் காட்டி ஒருத்தரை ஒருத்தர் சீண்டிக்கிடுறதைப் படி. கரகாட்டக்காரியும் நாயனக்காரரும் இன்னைக்குப் பண்ணுறது அதேதான். அந்தக் குறவஞ்சியைக் கேட்டு மனசு குளுந்து மதுரை நாயக்கரு கவிராயருக்கு நிலமே எழுதி வச்சாரு, குறவஞ்சி மேடுன்னு பேரு. நம்ம கமிட்டிக்காரன் ஒரு துண்டு போத்துறதுக்கு மூணு தடவை மைக்கைப் புடிச்சுப் பேசுதான். அந்த மைக்குல இன்னொரு கொடுமை, ‘இன்னார் அவர்களின் அன்பளிப்பு ரூபாய் நூற்றி ஒன்று’ன்னு நல்ல நடை சூடு பிடிக்கிற நேரத்துல ஒருத்தன் குறுக்க வருவான். நீ காசு கொடுக்கணும்னா கொடு. தாளக்காரப் பையன் கையில மடிச்சுக் கொடு. மைக்குக்கு உன் பேரு தெரிய வேண்டாம். அவனைத்தான் எவனும் கவனிக்க மாட்டான், அவன் ஜால்ரா நின்னுச்சுன்னா மத்தவங்க அத்தனை பேருக்கும் காலு இடறிரும்.

காவடி எடுக்கிற அன்னைக்கு வந்தீன்னா இன்னும் விசேசம். சங்கரன்கோயில் பக்கம் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரு, முப்பது வயசு எட்டுறதுக்குள்ள போய்ச் சேந்த மனுசன், ஊத்துமலை ஜமீன் ஆதரவுல கழுகுமலை முருகன் மேல காவடிச் சிந்து கட்டிக் கொடுத்துட்டுப் போனாரு. நடக்கிற காலுக்குன்னே செஞ்ச மெட்டு. மூணு மூணா உருண்டு வரும். உக்காந்து கேக்கிறவனுக்கு அது பாதிதான். தோள்ல காவடிய வச்சு, வெறுங்காலோட தார் ரோட்டுல நடக்கிறவனுக்கு மேளக்காரரு பின்னாலயே நடந்து வாசிப்பாரு. அவன் தளர்ந்தா நடை இறங்கும், அவன் நிமுந்தா நடை ஏறும். அமெரிக்காவுல நியூ ஆர்லியன்சுன்னு ஒரு ஊருல ஊதுகுழல் செட்டு தெருவுல வாசிச்சுக்கிட்டே போவானாம், சனம் பின்னாலயே ஆடிக்கிட்டுப் போவுமாம், உன் ஃபங்க்குக்கு அங்கனயும் ஒரு வேரு உண்டாம்லா? நீதான் சொன்னே. சொன்னவன் நம்ம தெருவுல காவடி போவும்போது மாடியில நின்னு ஏன் பாத்தே?

சாமக்கொடைக்கு முழிச்சிரு. அதுவரைக்கும் வில்லுப்பாட்டும் மேளமும் மாறி மாறி ஓடும். வில்லுல கதை நடக்கும்போது மேளக்காரங்க டீ குடிக்கப் போவாங்க, நீயும் கூடப் போ. நல்ல கதையெல்லாம் அங்கனதான் கிடைக்கும். பன்னெண்டு மணிக்கு மேல கேலி, கிண்டல், சினிமாப் பாட்டு எல்லாம் சுருட்டி வச்சாச்சு. மஞ்சணையும் பூவும் தயாரா இருக்கும். தவில் ரெண்டும் பம்பையும் ஒரே அடியில இறங்கும். எந்தச் சாமிக்கு எந்த நடை, எந்தச் சாமியாடிக்கு எந்த இடத்துல காலு துடிக்கும், எல்லாம் அவங்களுக்கு அத்துபடி. சாமியாடி அவரு பாட்டுக்குக் கைகட்டி நிக்காரு. தவில்காரரு அவரு கண்ணைப் பாத்துக்கிட்டே அடியைக் கொஞ்சம் கொஞ்சமா நெருக்குதாரு. விடல. இன்னும் நெருக்குதாரு. திடீர்னு ஒரு உறுமல். அவ்வளவுதான், அதுவரைக்கும் நம்ம கூட பீடி குடிச்சுக்கிட்டு இருந்த ஆளு இப்ப அம்மன். வராட்டி பழி மேளக்காரன் தலையில: ‘கொட்டு சரியில்ல, அதான் சாமி இறங்கல’ம்பான். வந்துட்டா புண்ணியம் ஊருக்கு. உலகத்துல எந்தப் பேண்டுக்காரனுக்காவது இப்படி ஒரு பரீட்சை வைக்கிறாங்களா? அந்த நேரத்துல போனைத் தூக்குனீன்னு வையி, நான் தடுக்க மாட்டேன், சாமியே வந்து தட்டிவிடும். சாமி தட்டிவிட்ட போனுக்கு வாரண்டி கிடையாது.

இதையெல்லாம் இப்ப ஏன் வரிஞ்சு கட்டிச் சொல்லுதேன்னா, நாலு கொடைக்கு ஒரு கொடையில நையாண்டி மேளத்தைக் காணல. மலையாளத்துச் செண்டை வந்துட்டு. 1956 நவம்பர் ஒண்ணாந் தேதி செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கத்துல இருந்து நம்ம பக்கம் வந்துச்சு. செண்டை கொஞ்சம் சாவகாசமா இப்ப வருது. இருபது பேரு ஒரே மாதிரி வேட்டி கட்டி, வரிசையா நின்னு, குதிச்சுக் குதிச்சு அடிக்கான். பாக்க லெச்சணமாத்தான் இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா எங்க அம்மனுக்கு அந்த அடி பழக்கம் இல்லையே, அவ பாவம் யாருக்கோ வாசிக்கான்னு சும்மா உக்காந்திருக்கா. இன்னும் சில ஊருல டிஜேன்னு சொல்லி ஒரு லாரியில பெட்டிய அடுக்கிக்கிட்டு வாரான். அதுக்குக் கண்ணு கிடையாது. கமிட்டிக்காரன் பட்டு வேட்டி கட்டி வந்தாலும் கோவணம் கட்டி வந்தாலும் அதே பாட்டுதான். கமிட்டிக்காரனுக்கு டிஜே ஏன் புடிக்குதுன்னு இப்ப விளங்குதா?

மேளக்காரங்களோட பந்தியில உக்காந்து சாப்புடு. அந்தக் காலத்துல அவங்க ஊதுன காத்துல ஆடிட்டு, சாப்பாட்டு நேரத்துல மட்டும் பின்கட்டைக் காட்டுன ஊரு இது. கடைசிப் பந்தியில ரசம்தான் மிஞ்சும். விடிய விடிய ஊதுனவனுக்கு ரசத்தை ஊத்திட்டு, காலையில மஞ்சத்தண்ணிக்கு இன்னும் உசத்தி வாசின்னு கேப்பான். கொடை நடத்துன காலத்துல நான் அவங்களை முதல் பந்தியில உக்கார வச்சேன், நாலு பேரு முகத்தைத் திருப்புனாங்க. திருப்புன முகத்துக்கெல்லாம் நாயனக்காரரு ராத்திரி ஒவ்வொரு மெட்டு வாசிச்சு வட்டியோட கொடுத்துட்டாரு.

டிக்கெட் எவ்வளவுன்னு கேக்கே. டிக்கெட்டு கிடையாதுலே, வரிதான். தலைக்கட்டு வரி. ஊருல கல்யாணமாகிக் குடித்தனம் பண்ணுற ஒவ்வொருத்தனும் கட்டணும். அந்தக் காசுலதான் மேளம், வில்லு, கரகம், பந்தல் எல்லாம். உன் பேரை இந்த வருசம் நோட்டுல எழுதச் சொல்லிட்டேன். ‘எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே தாத்தா’ன்னு சட்டம் பேசாத. கொடைக்குக் கடையநல்லூர்ல இருந்து ஒரு குடும்பம் வருது, உங்க அம்மைதான் சொல்லி அனுப்பியிருக்கா. நீ மேளத்துக்கு முன்னால எப்படி நிக்கேன்னு பாக்குறதுக்குத்தான் வாராங்க. வரியை மட்டும் இப்பவே ஜிபேல போட்டு விடு, அச்சாரம் கொடுக்க நாளைக்கு ஆளு போவுது.